அட்சய திருதியை: குறையாமல் இருப்பது எது?

சித்திரை பிறந்துவிட்டால் நாளிதழ்களின் முதல் பக்கங்களை நகைக்கடை விளம்பரங்கள் பிடித்துக்கொள்கின்றன. அட்சய திருதியை அன்று குந்துமணித் தங்கமாவது வாங்கினால் ஆண்டு முழுவதும் வீட்டில் செல்வம் பெருகும் என்ற பேச்சு வீடு, அலுவலகம், பேருந்து என்று எங்கும் கேட்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மகனின் பள்ளிக் கட்டணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தில் அன்று இரண்டு கிராம் நாணயம் வாங்கினார்கள்; ஜூன் மாதம் அதை அடகு வைத்துக் கட்டணத்தைக் கட்டினார்கள். அந்த அம்மாவை நகைக்கடைக்கு அனுப்பியது ஆசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாங்காமல் விட்டால் லட்சுமி வீட்டை விட்டுப் போய்விடுவாளோ என்ற பயம்தான் அவரிடம் இருந்தது.

இந்தப் பயத்துக்கு இடமே இல்லை என்பதை, பெயரையும் நாளையும் கதைகளையும் வரிசையாகப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாதவர்களுக்கும் விளங்க வேண்டும் என்று அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

பெயர் சொல்லும் பொருள்

க்ஷயம் என்ற வடசொல்லுக்குத் தேய்தல், குறைதல் என்று பொருள். உடலைத் தேய்க்கும் காசநோயைப் பழைய வைத்தியர்கள் க்ஷயரோகம் என்று சொன்னதும் இந்தப் பொருளில்தான். அதன் முன் 'அ' சேர்ந்து எதிர்மறையாகி அக்ஷயம் ஆகிறது; தமிழில் அட்சயம் என்று எழுதுகிறோம். ஆகவே அட்சயம் என்றால் குறையாதது, தேயாதது.

குறையாதது என்பதும் பெருகுவது என்பதும் ஒன்றல்ல. உண்டியலில் காசு போட்டால் அது பெருகுகிறது, எடுத்தால் குறைகிறது. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றும்போது முதல் விளக்கின் சுடர் குறைவதில்லை. மணற்கேணியிலிருந்து ஒரு குடம் இறைத்தால் அடுத்த குடத்துக்கான நீர் ஊறி வருகிறது. அட்சயம் என்ற சொல்லுக்குப் பொருத்தமான உவமை உண்டியலைவிட இந்தச் சுடரும் ஊற்றும்தான். எடுத்துக் கொடுத்த பிறகும் குறையாமல் இருப்பதே அட்சயம். எடுத்துக் கொடுக்கும் செயல் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

திருதியை என்பது ஒரு திதியின் பெயர். திதி என்றால் என்ன என்பதைத்தான் பலர் சரியாகப் பிடித்துக்கொள்வதில்லை. அதனால்தான் 'ஒரு காலண்டரில் இன்று, இன்னொன்றில் நாளை என்று போட்டிருக்கிறதே' என்ற குழப்பம் அடிக்கடி எழுகிறது.

திதி: கடிகார முள்களைப் போல

கடிகாரத்தில் பெரிய முள்ளும் சிறிய முள்ளும் 12 மணிக்கு ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. பிறகு பெரிய முள் விரைந்து முன்னே செல்கிறது. சிறிய முள்ளும் மெல்ல நகர்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி கூடிக்கொண்டே போய், ஒரு சுற்று முடிந்து, பெரிய முள் மறுபடியும் சிறிய முள்ளைப் பிடித்துவிடுகிறது.

வானத்திலும் இதுதான் நடக்கிறது. பூமியிலிருந்து பார்க்கும்போது சந்திரன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 பாகை நகர்கிறது. சூரியன் ஏறத்தாழ ஒரு பாகை. முள்கள் ஒன்று சேரும் நேரம்தான் அமாவாசை. அங்கிருந்து சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகும் வரை முதல் திதியான பிரதமை, 24 பாகை வரை துவிதியை, 24 முதல் 36 பாகை வரை திருதியை. முழுச் சுற்றான 360 பாகையை 12 ஆல் வகுத்தால் 30 திதிகள். சந்திரன் வளரும் முதல் 15 திதிகள் வளர்பிறை. தேயும் 15 திதிகள் தேய்பிறை.

சந்திரன் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதனால் ஒரு திதி சில சமயம் 20 மணி நேரத்திலேயே முடிந்துவிடுகிறது. சில சமயம் 26 மணி நேரத்தையும் தாண்டுகிறது. அது நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கவும் வேண்டியதில்லை. இன்று காலை 8 மணிக்குப் பிறந்த திருதியை நாளைக் காலை வரை நீடிக்கலாம். அப்போது எந்த நாளை எடுத்துக்கொள்வது என்பதற்கு, சூரிய உதயத்தையும் முற்பகலையும் வைத்து மரபுக்கு மரபு சற்றே வேறுபடும் விதிகள் இருக்கின்றன. இரண்டு காலண்டர்கள் வேறுபட்டால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டியதில்லை.

எந்த மாதத்துத் திருதியை என்பதிலும் ஒரு மயக்கம் உண்டு. நூல்கள் 'வைசாக மாத வளர்பிறைத் திருதியை' என்று சொல்வதால், அதை நம் வைகாசி என்று எண்ணிவிடுகிறோம். வைசாகம் அமாவாசையிலிருந்து அமாவாசை வரை கணக்கிடப்படும் சந்திர மாதம். வைகாசி சூரியன் ஒரு ராசியில் இருக்கும் காலத்தைக் கொண்டு கணக்கிடப்படும் சூரிய மாதம். பொதுவாக நம் சித்திரை மாதத்தில் வரும் அமாவாசைக்கு மறுநாள் வைசாகம் தொடங்குகிறது. அதன் மூன்றாம் திதியே அட்சய திருதியை. சித்திரை அமாவாசை மாதக் கடைசியில் விழும் ஆண்டுகளில் மட்டும் அது வைகாசியின் முதல் நாட்களைத் தொடும்.

12 சந்திர மாதங்கள் கூடினால் ஏறத்தாழ 354 நாட்களே வரும் என்பதால் இந்த நாள் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. 2024இல் மே 10 அன்று வந்த திருநாள் 2025இல் ஏப்ரல் 30 அன்று வந்தது. இப்படியே போனால் அது குளிர்காலத்துக்கே போய்விடும். அதைத் தடுக்கத்தான் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்கு ஒரு முறை அதிக மாதம் என்ற கூடுதல் சந்திர மாதம் சேர்க்கப்படுகிறது. 2023இல் அப்படி ஒரு மாதம் சேர்ந்ததால், அந்த ஆண்டு ஏப்ரல் 22 அன்று வந்த திருநாள் அடுத்த ஆண்டு மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. ஆக, எந்த ஆண்டிலும் இந்த நாள் கோடையை விட்டு வெளியே போவதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தானங்களைப் பற்றிப் பேசும்போது இது வேண்டியிருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலுள்ள 12 பாகை இடைவெளி ஒரு திதி, சித்திரை அமாவாசைக்குப் பின் வரும் மூன்றாம் திதி அட்சய திருதியை, அது எப்போதும் கோடையில் வரும்.

இந்த ஒரு திருதியைக்கு மட்டும் ஏன் சிறப்பு?

சோதிட மரபில் ஒவ்வொரு கிரகத்துக்கும் முழு வலிமை தரும் ராசி ஒன்று உண்டு. அங்கே இருப்பதை உச்சம் என்பார்கள். சூரியனுக்கு மேஷம் உச்சம், சந்திரனுக்கு ரிஷபம். சித்திரையில் சூரியன் மேஷத்தில் இருக்கிறது. திருதியையில் சந்திரன் அதிலிருந்து 24 முதல் 36 பாகை தள்ளி நிற்கிறது. ஒரு ராசியின் அகலம் 30 பாகை என்பதால், பெரும்பாலான ஆண்டுகளில் சந்திரன் அடுத்த ராசியான ரிஷபத்தில் இருக்கும். இரண்டு ஒளிகளும் ஒரே நாளில் உச்சம் பெறுவதே இந்தத் திதியைச் சிறப்பாகக் கருதியதற்குச் சோதிட நூலார் சொல்லும் காரணம்.

இதனால் இது தனியாக முகூர்த்தம் பார்க்கத் தேவையில்லாத நாளாகக் கொள்ளப்படுகிறது. மராட்டியர்கள் இத்தகைய நாட்களை 'மூன்றரை முகூர்த்தங்கள்' என்று எண்ணுகிறார்கள். குடி பாட்வா, அட்சய திருதியை, விஜயதசமி ஆகியவை முழு முகூர்த்தங்கள், தீபாவளிக்கு அடுத்த பிரதமை அரை முகூர்த்தம். வட மாநிலங்களில் இந்த நாளில் ஏராளமான திருமணங்கள் நடப்பதும் இதனால்தான். ராஜஸ்தானில் ஆகா தீஜ் என்று அழைக்கப்படும் இதே நாளில் குழந்தைத் திருமணங்களும் நடந்து வந்திருக்கின்றன. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வந்த பிறகும் அதிகாரிகள் ஒவ்வோர் ஆண்டும் இந்த நாளில் கூடுதல் விழிப்போடு இருக்க வேண்டியிருக்கிறது. நல்ல நாள் என்ற நம்பிக்கை ஒரு சிறுமியின் வாழ்வை எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் போவது இந்தத் திருநாளுக்கு நேர்ந்த பெரிய அநீதி என்றே நான் கருதுகிறேன்.

கதைகளில் யார் எதைக் கொடுத்தார்கள்

இந்த நாளோடு சேர்த்துச் சொல்லப்படும் கதைகள் பல. பரசுராமர் பிறந்த நாள் என்றும், திரேதா யுகம் தொடங்கிய நாள் என்றும் சொல்வதுண்டு. ஆண்டுக்கு 96 தர்ப்பணம் செய்யும் மரபினர் நான்கு யுகாதி நாட்களில் ஒன்றாக இதையும் வைத்து முன்னோருக்கு நீர் இறைக்கிறார்கள். செல்வத்தோடு தொடர்புடைய கதைகளை மட்டும் இங்கே சற்று நின்று பார்ப்போம்.

வனவாசம் சென்ற பாண்டவர்களோடு ஏராளமான அந்தணர்களும் உடன் வந்தார்கள். அவர்களுக்கு உணவளிக்க வழியின்றித் தருமர் சூரியனை வேண்டினார்; சூரியன் ஒரு செப்புப் பாத்திரம் தந்தான். அன்றாடம் திரௌபதி உண்டு முடிக்கும் வரை அதில் உணவு குறையாது. வீட்டுத் தலைவி எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்பவள் என்பதால், மற்ற அனைவரும் உண்ணும் வரை அந்தப் பாத்திரம் வற்றாது என்றுதான் இதற்குப் பொருள். தருமர் கேட்டதே தம்மை நம்பி வந்தவர்களின் பசிக்காகத்தான்.

தமிழில் இதற்கு நெருங்கிய உறவாக அமுதசுரபி இருக்கிறது. மணிமேகலை பௌத்தக் காப்பியம். அதற்கும் இந்தத் திருநாளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் குறையாத பாத்திரம் என்ற எண்ணத்தை இவ்வளவு ஆழமாகச் சொன்ன இன்னொரு தமிழ்க் கதையை நான் அறியேன். அமுதசுரபியை முதலில் வைத்திருந்த ஆபுத்திரன், ஆளில்லாத மணிபல்லவத் தீவில் தனியே விடப்படுகிறான். கையில் வற்றாத பாத்திரம் இருக்கிறது. அவன் ஒருவன் வாழ்நாள் முழுக்க உண்ணலாம். ஆனால் கொடுப்பதற்கு ஆள் இல்லை. தன் உயிரை மட்டும் காத்துக்கொள்ள அந்தப் பாத்திரம் எதற்கு என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் உயிர் துறக்கிறான்.

குசேலர் கதை எல்லோருக்கும் தெரியும். வறுமையில் வாடிய அவர் கண்ணனிடம் எதுவும் கேட்கவில்லை. கந்தல் துணியில் முடிந்து கொண்டுபோன அவலைக் கொடுத்தார். இது நடந்த நாள் அட்சய திருதியை என்பது செவிவழி மரபு. குருவாயூரில் குசேலர் நாளை மார்கழி மாதத்தின் முதல் புதன்கிழமையில் கொண்டாடுகிறார்கள். நாள் எதுவானாலும் கதையில் முதலில் நடப்பது கொடுத்தல்தான்.

கனகதாரா கதையிலும் அதே வரிசை. பிட்சைக்கு வந்த சிறுவன் சங்கரனுக்குக் கொடுக்க வீட்டில் வேறொன்றும் இல்லாத ஏழைப் பெண், இருந்த ஒரே நெல்லிக்கனியைக் கொடுத்தாள். அதைக் கண்டு உருகிய சங்கரர் லட்சுமியைத் துதிக்க, பொன் நெல்லிக்கனிகள் பொழிந்தன. சங்கரர் பிறந்த காலடியில் இன்றும் அட்சய திருதியையை ஒட்டிக் கனகதாரா யக்ஞம் நடக்கிறது. இந்த நாளுக்கும் பொன்னுக்கும் உள்ள உறவைத் தேடினால் இந்தக் கதைதான் கிடைக்கும். அந்தப் பெண் பொன்னை வாங்கவில்லை.

கோடைக்கு ஏற்ற தானங்கள்

இந்தத் திதியில் செய்யும் தானம், ஜபம், ஹோமம் ஆகியவற்றின் பலன் குறையாது என்றே புராணங்கள் சொல்கின்றன. குறையாதது இங்கே செயலின் பலன். வாங்கி வைத்த பொருளுக்கு அந்த வாக்குறுதி தரப்படவில்லை.

எதைத் தானம் செய்யச் சொன்னார்கள் என்று பார்த்தால் இந்த நாளின் முகம் தெளிவாகத் தெரியும். நீர் நிறைந்த குடம், விசிறி, குடை, செருப்பு, நீர்மோர், பானகம், தயிர்சாதம், வெள்ளரி. ஒவ்வொன்றும் வெயிலில் நடந்து வருபவனுக்குத் தேவையான பொருள். கோடையை விட்டு நகராதபடி நாளைக் கட்டி வைத்ததற்கும் இந்தப் பட்டியலுக்கும் எவ்வளவு பொருத்தம்! இவற்றில் எளிதும் முதன்மையானதும் நீர்க்குடம். தர்மகடம் என்று அதற்குப் பெயர். ஏழையாலும் கொடுக்க முடிந்த பொருளைத் தலையாய தானமாக வைத்தவர்கள், ஏழையை அச்சுறுத்தும் ஒரு நாளை நமக்கு விட்டுச் சென்றிருக்க மாட்டார்கள்.

ஊர் ஊராக

ஒடிசாவில் இது உழவர்களின் நாள். அகி முட்டி அனுகூலம் என்று, வயலில் பூசை செய்து அந்தப் பருவத்தின் முதல் பிடி விதையைத் தூவுகிறார்கள். புரியில் ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை மூவருக்கும் ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்படும் தேர்களின் வேலை இன்றுதான் தொடங்குகிறது. 42 நாள் சந்தன யாத்திரையின் தொடக்கமும் இன்றே. முதல் 21 நாட்கள் உற்சவ மூர்த்திகள் நரேந்திரக் குளத்தில் தெப்பத்தில் வலம் வருகிறார்கள். விசாகப்பட்டினத்தை அடுத்த சிம்மாசலத்தில் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் மறைந்திருக்கும் வராக நரசிம்மரின் உண்மைத் திருமேனியை இன்று ஒரு நாள் மட்டும் தரிசிக்கலாம். பிருந்தாவனத்து பாங்கே பிகாரி கோயிலில் இறைவனின் திருவடி தரிசனமும் ஆண்டில் இந்த நாளில்தான்.

இமயத்தில் கங்கோத்ரி, யமுனோத்ரி கோயில்களின் நடை பனிக்காலம் கழிந்து அட்சய திருதியையில் திறக்கிறது. பத்ரிநாத்தும் இன்றே திறக்கும் என்று பலர் சொல்கிறார்கள். அதற்கான நாளை வசந்த பஞ்சமி அன்று தனியே கணித்து அறிவிக்கிறார்கள். பயணத் திட்டம் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் ஊரில் கும்பகோணம் பெரிய கடைவீதியில் 12 கருட சேவை நடக்கிறது. சாரங்கபாணி, சக்கரபாணி, இராமசாமி உள்ளிட்ட கோயில்களின் பெருமாள்கள் கருட வாகனத்தில் வந்து வரிசையாகக் காட்சி தரும் அந்தக் காலை நேரத்தைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

சமணர்கள் இந்த நாளைக் கொண்டாடும் காரணத்தை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுப்பதில்லை. முதல் தீர்த்தங்கரரான ரிஷபதேவர் அரசைத் துறந்து வெளியேறியபோது, துறவிக்கு எப்படி உணவிடுவது என்று மக்களுக்குத் தெரியவில்லை. தங்கள் மன்னர் வாசலில் வந்து நிற்கிறாரே என்று பொன்னும் மணியும் யானையும் குதிரையும் கொண்டுவந்து நீட்டினார்கள். அவர் எதையும் தொடாமல் நடந்தார். இப்படி ஓராண்டுக்கு மேல் உணவின்றிக் கழிந்தது. அஸ்தினாபுரத்தில் சிரேயாம்சன் என்பவன் கரும்புச் சாற்றைக் கொடுத்தபோது கைகளைக் குவித்து ஏந்திப் பருகினார். அந்த நாள் இந்தத் திருதியை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் உண்ணா நோன்பிருந்து ஓராண்டைக் கழிக்கும் வர்ஷீதப் நோன்பை இன்றும் சமணர்கள் அஸ்தினாபுரத்தில் கூடிக் கரும்புச் சாறு பருகியே முடிக்கிறார்கள்.

தங்கம் எப்படி நுழைந்தது?

தங்கத்தை லட்சுமியின் வடிவமாகப் போற்றுவது பழைய மரபு. நல்ல நாளில் தொடங்கிய காரியம் நிலைக்கும் என்பதும் பழைய நம்பிக்கை. இரண்டையும் சேர்த்து, இந்த நாளில் வாங்கும் தங்கம் நிலைக்கும் என்று ஊகிப்பது இயல்பே. ஆனால் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் தமிழ்நாட்டில் கடந்த சில பத்தாண்டுகளில், நகை வணிகத்தின் விளம்பரங்களோடு வளர்ந்தது. இப்போது அறுபது எழுபது வயதில் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சிறுவயதில் இந்த நாளுக்காக நகைக்கடையில் வரிசை நின்ற நினைவு பெரும்பாலோருக்கு இருக்காது. உலோகம் வாங்குவதையே வழக்கமாகக் கொண்ட நாள் வட இந்தியாவின் தன்தேரஸ். அது தீபாவளிக்கு முந்தைய தேய்பிறைத் திரயோதசியில் வருகிறது.

பணம் இருப்பவர் வாங்குவதில் குற்றம் எதுவும் இல்லை. வாங்குபவர் கணக்கைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும். நகைக்குச் செய்கூலி உண்டு, சேதாரம் உண்டு, தங்கத்தின் மதிப்பில் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. விற்கும்போதோ அடகு வைக்கும்போதோ இவற்றில் எதுவும் திரும்பி வருவதில்லை. கடன் வாங்கியோ, கல்விக்கும் மருந்துக்கும் வைத்திருந்த பணத்தை எடுத்தோ வாங்கினால், குறையாமை என்று பெயர் கொண்ட நாளில் ஒரு குறையை நாமே வீட்டுக்குள் அழைத்து வருகிறோம்.

வீட்டில் எப்படிக் கொண்டாடலாம்?

காலையில் நீராடி, விளக்கேற்றி, மஞ்சள் பிள்ளையாருக்கு அருகம்புல் சாற்றி, திருமாலையும் லட்சுமியையும் துளசியாலும் அட்சதையாலும் வழிபடுவது எளிய முறை. அட்சதை என்பதும் முனை முறியாத அரிசியைக் குறிக்கும் பெயர்தான். முறியாதது, குறையாதது என்ற இரண்டும் பூசையில் இப்படி அருகருகே அமர்ந்துவிடுகின்றன. அரிசி, பருப்பு, வெல்லம், உப்பு, மஞ்சள் ஆகியவற்றைப் புதிதாக வாங்கிப் படைப்பது பல வீடுகளில் வழக்கம். நிவேதனத்துக்குப் பானகமும் நீர்மோரும் பாசிப்பருப்புக் கோசுமல்லியும் போதும். பால் பாயசம் வைத்தால் குழந்தைகள் மகிழ்வார்கள். பிறகு யாராவது ஒருவருக்கு உணவோ குடையோ செருப்போ கொடுங்கள்.

மண்பானை ஒன்று வாங்கி, வெட்டிவேர் போட்டு, குடிநீர் நிரப்பி, மூடியும் குவளையும் வைத்து வாசலில் நிழலாக ஓர் இடத்தில் வைக்கலாம். காலையில் ஒரு முறை, உச்சிப்பொழுதில் ஒரு முறை நிரப்ப வேண்டியிருக்கும். கூரியர் கொண்டு வருபவர், குப்பை வண்டி தள்ளி வருபவர், கீரை விற்கும் அம்மா என்று குடிப்பவர்கள் தாமே வருவார்கள். திருதியை ஒரு நாளில் முடிந்துவிடும். அக்கினி நட்சத்திரம் மே மாதக் கடைசி வரை நீடிக்கும் என்பதால் பானையை அதுவரை எடுக்காமல் இருங்கள்.